பேரு ஒரு பெட்டியில, முகம் ஒரு பெட்டியில

வரலாறு மேல ஆசைப்பட்டெல்லாம் நான் ஆவணக் காப்பகத்துக்குப் போகல, வீட்டுல உக்காந்து உக்காந்து பைத்தியம் புடிக்கற மாதிரி இருந்ததால போனேன். வீட்டுக்காரருக்கு அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல நேட்செஸ்னு ஒரு சின்ன ஊர்ல வேலை கிடைச்சு வந்தோம், எனக்கு ஹெச்-4 விசா, சம்பளத்துக்கு வேலை பாக்கக்கூடாது, ஒரு புளி பாக்கெட் வாங்கணும்னா ஒன்றரை ரெண்டு மணி நேரம் கார் ஓட்டணும். பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் "எங்க வரலாற்றுச் சங்கத்துல பழைய பேப்பர அடுக்கிக் குடுக்க ஆள் வேணும், காசு கிடையாது, ஆனா ஏசி உண்டு"ன்னாங்க. அந்த ஊர் ஜூலை மாசத்துப் புழுக்கம் நம்ம மெட்ராஸ் மே மாசத்தையே தூக்கிச் சாப்பிட்டுடும், அதனால ஏசிக்காகவே போனேன்னு சொன்னாலும் பொய் இல்ல.

ஏழு வருஷம் ஆச்சு. இப்ப யாராவது "எங்க ஊர் வரலாற எப்படிச் சேத்து வெக்கறது, எந்த ஸ்கேனர் வாங்கட்டும்"னு கேட்டா எனக்கு சிரிப்பு வரும், ஏன்னா நானும் அங்கதான் ஆரம்பிச்சேன். ஸ்கேனர் கடைசி வேலைங்க. அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நிறைய இருக்கு, அத சொல்றதுக்குத்தான் இது.

முதல்ல ஊரப் பத்தி. நேட்செஸ் மிசிசிப்பி ஆத்துக்கரை மேட்டுல உக்காந்திருக்கற ஊரு. 1716ல பிரெஞ்சுக்காரங்க கோட்டை கட்டுனாங்க, அதுக்கு முன்னாடி அங்க இருந்த பழங்குடி மக்களோட பேருதான் ஊருக்கும் நின்னுச்சு. 2020 மக்கள்தொகைக் கணக்குல 14,520 பேர், அவ்ளோதான். ஆனா ஒரு காலத்துல பருத்திப் பணம் ஆறா ஓடுன ஊரு, அந்தப் பணத்துல கட்டுன தூண் வெச்ச பெரிய பெரிய மாளிகைகள் இன்னும் நிக்குது, 1932லேந்து வசந்த காலம் வந்தா அத சுத்திப் பாக்க கூட்டம் வரும். நானும் வந்த புதுசுல போய் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டேன், எங்க அத்தை "அரண்மனை மாதிரி இருக்கே"ன்னு ஹார்ட் போட்டாங்க. அந்த அரண்மனைய யார் உழைப்புல கட்டுனாங்கன்னு எனக்கு உறைச்சது காப்பகத்துல தான்.

ஊரு எல்லையில மூணு தெரு சேர்ற எடத்துக்கு ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட்னு பேரு. அடிமைகள விக்கற சந்தை அது, அந்தப் பக்கத்துல நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்கு அடுத்த பெரிய சந்தை. 1833ல காலரா பயத்துல வெளி மாநில வியாபாரிங்க ஊருக்குள்ள விக்கக்கூடாதுன்னு சட்டம் போட, அவங்க எல்லைய தாண்டி ஒரு அடி தள்ளி கடை விரிச்சுட்டாங்க. 1863ல உள்நாட்டுப் போர்ல வடக்கு மாநிலங்களோட படை வந்து கலைக்கற வரைக்கும் நடந்துச்சு. ரொம்ப காலமா அங்க வெறும் புல்லுத்தரையும் ஒரு பலகையும் தான், 2021ல தான் தேசியப் பூங்காவோட சேந்துச்சு.

என் முதல் வேலை, அந்தக் காலத்து விற்பனைப் பத்திரங்களோட நகல பாத்து பேரு பட்டியல் எடுக்கறது. உக்காந்தேன். மேரி, வயசு 19. ஹென்றி, வயசு 24. விலை. வாங்குனவரோட முழுப் பேரு, வித்தவரோட முழுப் பேரு, சாட்சியோட முழுப் பேரு, கையெழுத்து அவ்ளோ அழகா சுழிச்சு சுழிச்சு. விக்கப்பட்ட ஆளுக்கு மட்டும் ஒத்தப் பேரு. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்குல அதுவும் போச்சு, அடிமைகளுக்குன்னு தனித் தாள், அதுல முதலாளி பேருக்குக் கீழ வயசு, ஆணா பொண்ணா, நிறம், அவ்ளோதான், பேரெழுதற கட்டமே கிடையாது. 1870 கணக்குல தான் மொத மொதலா எல்லாரும் பேரோட வர்றாங்க. அதனால கறுப்பினக் குடும்பங்க வேர் தேடி வரும்போது 1870ல வந்து முட்டி நிப்பாங்க, காப்பகத்துக்காரங்க அத செவுருன்னே சொல்லுவாங்க. அந்த செவுத்துல ஓட்டை போடறதுக்கு விற்பனைப் பத்திரம், உயில், உள்நாட்டுப் போர்ல வடக்குப் படையில சேந்த கறுப்பினச் சிப்பாய்ங்களோட பென்ஷன் கோப்பு, இதெல்லாம் தான் உளி. பென்ஷன் கோப்பு சொக்கத் தங்கம். சிப்பாயோட விதவை "நான்தான் பொண்டாட்டி"ன்னு நிரூபிக்கணும்ல, கல்யாணப் பத்திரமெல்லாம் எங்க இருக்கும், அதனால அக்கம்பக்கத்துல பத்து பேரு வந்து சத்தியம் பண்ணி கதை சொல்லிருப்பாங்க, எந்தத் தோட்டத்துல இருந்தோம், யாருக்கு யாரு கொழந்த, எல்லாம் அவங்க வாய் வார்த்தையிலயே.

இது பேரு இருக்கற பெட்டி. முகம் இருக்கற பெட்டி வேற.

அதே ஊர்ல ஹென்றி நார்மன்னு ஒரு போட்டோக்காரர், 1870கள்லேந்து ஸ்டூடியோவுல படம் எடுத்தவரு, 1913ல அவரு காலமானதுக்கப்புறம் பையன் ஏர்ல் 1951 வரைக்கும். பல்லாயிரம் நெகட்டிவ், நிறைய கண்ணாடித் தகடு. அத அப்பறம் ஊரு டாக்டர் ஒருத்தர், தாமஸ் கேண்டி, மொத்தமா வாங்கி ஒவ்வொண்ணா கழுவி பிரிண்ட் போட்டாரு, இப்ப அது லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல இருக்கு. ஒரு டாக்டர் பொழுதுபோக்கா செஞ்சிருக்கலன்னா அத்தனையும் குப்பைக்கு போயிருக்கும். அதுல அந்தக் காலத்து கறுப்பின மக்கள் படமும் நூத்துக்கணக்குல இருக்கு, நல்ல டிரெஸ் போட்டு, தொப்பி வெச்சு, கொழந்தைய மடியில வெச்சு, காசு குடுத்து தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கிட்ட படம். அதுல நிறைய பேருக்கு பேரு இல்ல.

ஒரு பெட்டியில மேரி, ஹென்றினு முகமில்லாத பேருங்க. இன்னொரு பெட்டியில பேரில்லாத முகங்க. இத எனக்கு புரிஞ்ச அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல. அப்பறம்தான் தெரிஞ்சுது, இந்த வேலைன்னா என்னன்னு. பேப்பர காப்பாத்தறது பாதி வேலை தான், எது எதோட சேந்ததுங்கறத காப்பாத்தறது தான் மீதி, கஷ்டமான பாதி.

அதுக்கு நான் பண்ண பெரிய தப்பையே சொல்றேன். ஒரு வீட்டுலேந்து ஷூ டப்பா நிறைய கடிதம் வந்துச்சு, ரிப்பன் கட்டுன சின்ன சின்ன கட்டா. நான் பொறுப்பா, எல்லாத்தையும் அவுத்து, தேதி வாரியா அழகா அடுக்கிட்டேன். ரெண்டு நாள் வேலை. எங்க காப்பாளர் அம்மா வந்து பாத்தாங்க, திட்டல, "ரிப்பன் எங்க"ன்னு மட்டும் கேட்டாங்க. குப்பையில போட்டுட்டேன். அந்த வீட்டம்மா ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு ஆளுக்குன்னு கட்டி வெச்சிருந்திருக்காங்க, பாதி கடிதத்துல கையெழுத்து கூட "உன் அன்புள்ள ஜே"ன்னு தான் இருக்கும், எந்தக் கட்டுல இருந்துச்சுங்கறது தான் யாரு ஜேன்னு சொல்ற ஒரே தடயம். அது போச்சு. நான் அவுத்தது அவுத்தது தான், திரும்ப கட்ட முடியாது. அதனால எந்தப் பெட்டி வந்தாலும் தொடறதுக்கு முன்னாடி மொபைல்ல போட்டோ எடுங்க, மூடியத் திறந்த நிலையில ஒண்ணு, ஒவ்வொரு அடுக்கா எடுக்க எடுக்க ஒண்ணு. எந்த வரிசையில வந்துச்சோ அதே வரிசையில வையுங்க, உங்களுக்கு அசிங்கமா தெரிஞ்சாலும்.

சரி, கை வேலைக்கு வருவோம். பேனா உள்ள கொண்டு வரக்கூடாது, பென்சில் தான், அதுவும் போட்டோ பின்னாடி எழுதறதா இருந்தா மெதுவா ஓரத்துல, அழுத்துனா முன்பக்கம் தழும்பு விழும். பளபளன்னு பிளாஸ்டிக் பூச்சு இருக்கற புது போட்டோவுல பென்சில் பிடிக்காது, அதுக்கு கவர்ல எழுதி உள்ள வெக்கணும். துருப்பிடிச்ச கிளிப், ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு இதெல்லாம் எடுத்துடணும், ரப்பர் பேண்டு உருகி பேப்பரோட ஒட்டிக்கிட்டத பாத்தா வயிறு எரியும். செலோடேப் கூடவே கூடாது. லாமினேட் பண்ணாதீங்க, கையெடுத்து கும்பிடறேன், லாமினேட் பண்ணாதீங்க, சூடு, பசை, அப்பறம் பிரிக்க வழியே இல்ல. பேப்பருக்கு கையுறை வேண்டாம், சுத்தமா கழுவி தொடச்ச கை போதும், துணி கையுறை போட்டா வெரலுக்கு உணர்ச்சி இல்லாம ஓரத்த கிழிச்சுடுவோம். போட்டோ, நெகட்டிவ்னா மட்டும் நைட்ரைல் கையுறை.

ஆல்பத்துல ஒட்டுற பக்கம் வெச்சது வரும் பாருங்க, மேல பிளாஸ்டிக் தாள் மூடுற மாதிரி, 70, 80கள்ல எல்லார் வீட்டுலயும் இருந்தது, நம்ம ஊர் கல்யாண ஆல்பத்துலயும் பாத்திருப்பீங்க. அது போட்டோவுக்கு எமன். அதுலேந்து படத்த பிச்சு எடுத்தா முதுகு கிழியும். டென்டல் ஃப்ளாஸ் நூல படத்துக்கு அடியில விட்டு மெதுவா அறுக்கற மாதிரி இழுங்க, மணிக்கு மூணு படம் வந்தாலும் பரவால்ல. வரமாட்டேன்னா விட்டுடுங்க, பக்கத்தோட சேத்து ஸ்கேன் பண்ணிக்கலாம். பழைய பிலிம் சுருள்லேந்து வினிகர் வாசனை வந்தா அது கெட ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம், மத்ததோட வெக்காம தனியா எடுத்து வையுங்க. 1951க்கு முந்தின பிலிம்ல சிலது நைட்ரேட், கப்புனு தீப்பிடிக்கற ஜாதி, அத நீங்களா நோண்டாம தெரிஞ்சவங்கள கூப்பிடுங்க.

எங்க வெக்கறதுன்னா, அமெரிக்கால எல்லாரும் பரண்ல போடுவாங்க இல்ல பேஸ்மெண்ட்ல போடுவாங்க, ரெண்டும் மோசம், மேல வேகும் கீழ ஊறும். வீட்டு நடுவுல இருக்கற, வெளிச் செவுரு ஒட்டாத அலமாரி தான் நல்லது. ஈரப்பதம் 35லேந்து 50 சதவீதம், மிசிசிப்பில அது கனவு, இருந்தாலும் ஏறி எறங்காம ஒரே மாதிரி இருந்தா பாதி புண்ணியம். அப்பறம், ஒரு தடவ ஒரு வீட்டுல குழாய் ஒழுகி ஒரு பெட்டி தொப்பலா நனைஞ்சுடுச்சுன்னு போன். மருமக வெயில்ல காய வெச்சுட்டு இருந்தாங்க, பாதி பக்கம் பாளம் பாளமா ஒட்டிக்கிச்சு. நனைஞ்ச பேப்பர உடனே காய வெக்க முடியலன்னா பிளாஸ்டிக் பையில போட்டு ஃப்ரீசர்ல வையுங்க, ரெண்டு நாளுக்குள்ள பூஞ்சை வந்துடும், ஃப்ரீசர்ல வெச்சா நிதானமா யோசிக்க டைம் கிடைக்கும். நானே எங்க வீட்டு ஃப்ரீசர்ல இட்லி மாவு பக்கத்துல ஒரு சர்ச்சோட 1950கள் வரவு செலவு நோட்ட மூணு வாரம் வெச்சிருந்தேன்.

இப்ப தான் ஸ்கேனர். போட்டோன்னா 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), டிஃப் ஃபைலா (தரம் குறையாம சேமிக்கற வகை), பின்பக்கமும் கட்டாயம், பின்னாடி ஒண்ணும் எழுதலன்னாலும் ஸ்டூடியோ முத்திரை இருக்கும். முதல் வருஷம் நான் பண்ண 400 ஸ்கேனுக்கு ஸ்கேனர் போட்ட நம்பர் தான் பேரு, எது எந்தப் பெட்டியோடதுன்னு கண்டுபிடிக்க ரெண்டாவது வருஷம் முழுக்க போச்சு. சேகரிப்பு எண், பெட்டி எண், ஃபோல்டர் எண், படம் எண், இந்த வரிசையில ஃபைல் பேரு வெச்சா ஜென்மத்துக்கும் குழப்பம் இல்ல. மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனம், ஒண்ணு வேற ஊர்ல. அவ்ளோதான், இதுக்கு மேல ஸ்கேனரப் பத்தி பேச ஒண்ணும் இல்ல.

பேச வேண்டியது நம்பிக்கையப் பத்தி. காப்பகத்துல நான் சேந்தப்ப இருந்த பெட்டிகள்ல பெரும்பாலும் மாளிகைக் குடும்பங்களோட காகிதம் தான். கறுப்பினக் குடும்பங்க ஏன் குடுக்கறதில்லன்னு கேட்டேன், ஒருத்தரும் நேரா பதில் சொல்லல. ஒரு சர்ச்ல போய் நின்னப்ப ஒரு பெரியவர் தான் சொன்னாரு, "எங்ககிட்டேந்து வாங்கிட்டு போனது எதுவும் திரும்பி வந்ததில்ல பாருங்க"ன்னு. கோவமா சொல்லல, மழை வரும்போல இருக்குங்கற மாதிரி சொன்னாரு. அதுக்கப்புறம் நாங்க வாங்கறதையே நிறுத்திட்டோம். மாசத்துல ஒரு சனிக்கிழமை ஸ்கேனரத் தூக்கிக்கிட்டு அவங்க சர்ச்சுக்கே போறது, அவங்க கண்ணு முன்னாடி ஸ்கேன் பண்றது, அசல அப்பவே கையில குடுக்கறது, ஒரு காப்பி பென் டிரைவ்ல அவங்களுக்கு. முதல் மாசம் வந்தது நாலு பேரு. அதுல ஒரு பாட்டி எடுத்து வெச்சது போட்டோ கூட இல்ல, ஒரு கட்டு இறுதிச் சடங்கு நிகழ்ச்சித் தாள்.

இத நான் தனியா சொல்லணும். அமெரிக்கத் தெற்குல கறுப்பின சர்ச்சுகள்ல யாராவது காலமானா அச்சடிச்சு குடுப்பாங்க, அதுல படம், பொறந்த ஊரு, அப்பா அம்மா பேரு, எந்த சர்ச்சுல ஞானஸ்நானம், எத்தன அண்ணன் தம்பி, யாரு முன்னாடி போயிட்டாங்க, யாரு எந்த ஊர்ல இருக்காங்க, சவப்பெட்டி தூக்கற ஆறு பேரு யாரு, எல்லாம் இருக்கும். பேரும் முகமும் ஒரே தாள்ல! நான் பெட்டி பெட்டியா தேடுனது ஒரு பாட்டியோட பைபிளுக்குள்ள மடிச்சு இருந்துச்சு. நம்ம ஊர் மொய் நோட்டு மாதிரி தான், வரலாறுன்னு நெனச்சு யாரும் எழுதல, ஆனா ஊரே அதுல இருக்கும். எந்த ஊர்ல ஆரம்பிச்சாலும் அது மாதிரி தாள் எதுன்னு முதல்ல தேடுங்க.

வீட்டுல பத்திரமா இருந்ததால பொழச்ச காகிதத்துக்கு நேட்செஸ்லயே பெரிய சாட்சி இருக்கு. வில்லியம் ஜான்சன்னு ஒரு முடிதிருத்தறவரு, 1809ல அடிமையா பொறந்து 11 வயசுல விடுதலை ஆனவரு. 1835லேந்து 1851ல கொல்லப்படற வரைக்கும் டைரி எழுதிருக்காரு, கடையில யாரு என்ன பேசுனாங்க, குதிரைப் பந்தயம், சண்டை, வரவு செலவு. அவரே அடிமைகள வாங்கி வெச்சிருந்தவரு, அதுவும் அதுலயே இருக்கு, மறைக்கல. நெலத்து எல்லைத் தகராறுல சுட்டவன் தண்டனை இல்லாம தப்பிச்சுட்டான், பாத்த சாட்சிங்க கறுப்பினத்தவங்க, அவங்க சாட்சி கோர்ட்ல செல்லல. டைரிய குடும்பம் தலைமுறை தலைமுறையா வீட்டுலயே வெச்சிருந்து, 1938ல தான் அது வெளிய வந்துச்சு, 1951ல அச்சாச்சு. இன்னைக்கு அவர் வீடு மியூசியம். அந்த நோட்டுகள யாராவது அடுப்பெரிக்க போட்டிருந்தா? போட்டிருக்கலாம், அவ்ளோ தான் வித்தியாசம்.

வாய்வழி வரலாறு பதிவு பண்ண ஆரம்பிச்சது மூணாவது வருஷம். 1940 ஏப்ரல் 23 ராத்திரி ரிதம் கிளப்னு ஒரு நடன அரங்குல தீ புடிச்சு 209 பேரு செத்தாங்க, எல்லாரும் கறுப்பினத்தவங்க, நிறைய பேரு படிக்கற பசங்க. அலங்காரத்துக்குத் தொங்கவிட்ட ஸ்பானிஷ் மாஸ்ங்கற காஞ்ச பாசிக்கு தீப்பத்தற பூச்சி மருந்து அடிச்சிருந்தாங்க, டிக்கெட் இல்லாம எட்டிப் பாக்கக்கூடாதுன்னு ஜன்னல்ல பலகை அடிச்சிருந்தாங்க, வெளிய போக ஒரே வாசல். 1965 அக்டோபர்ல உரிமைக்காக ஊர்வலம் போனவங்கள நூத்துக்கணக்குல புடிச்சு, 150 பேருக்கு மேல பார்ச்மன் சிறைக்கு கொண்டு போனாங்க, ஊரு அதுக்கு மன்னிப்பு கேட்டது 2015ல. அதுல போனவங்க சில பேரு பேச சம்மதிச்சாங்க. நான் கத்துக்கிட்டது, "1965ல என்ன நடந்துச்சு"ன்னு கேட்டா ரெண்டு வரியில முடிச்சுடுவாங்க. "அன்னைக்கு என்ன செருப்பு போட்டிருந்தீங்க"ன்னு கேட்டா ஒன்றரை மணி நேரம் பேசுவாங்க. ஃப்ரிட்ஜ் சத்தம் பதிவுல விழும், அத அணைச்சுட்டு பதிவு பண்ணுங்க (அதுக்குள்ள கார் சாவிய வெச்சா திரும்ப ஆன் பண்ணாம கிளம்ப மாட்டீங்க, இது எனக்கு ஒரு பால் கேன் போனதுக்கப்புறம் வந்த ஞானம்). ஒப்புதல் கையெழுத்து முன்னாடியே வாங்கிக்கோங்க, எந்தப் பகுதிய எப்ப வரைக்கும் மூடி வெக்கணும்னு அவங்க சொல்றதையும் அதுலயே எழுதிக்கோங்க. கண்ணீர் வந்தா ரெக்கார்டர நிறுத்தலாமான்னு கேளுங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க.

எல்லாத்தையும் வாங்கிக்காதீங்கன்னும் சொல்லணும். வாசல்ல யாரோ ராத்திரி பெட்டிய வெச்சுட்டு போயிடுவாங்க, உள்ள பாத்தா ஊருக்கு சம்பந்தமே இல்லாத பழைய பத்திரிகை. யாருதுன்னு தெரியாத பொருள வாங்குனா பத்து வருஷம் கழிச்சு பேரன் வந்து "அது எங்களோடது"ம்பான். தானப் பத்திரத்துல கையெழுத்து இல்லாம ஒரு தாள் கூட உள்ள வரக்கூடாது.

போன மாச சனிக்கிழமை ஒரு படம் வந்துச்சு. சர்ச் வாசல்ல 14 பேரு, 1940கள் இருக்கும். கொண்டு வந்த அம்மாவுக்கு 86 வயசு, என்ன "பேபி"ன்னு தான் கூப்பிடுவாங்க, நான் "யெஸ் மேம்"னு சொல்லி பழகிட்டேன். கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி ஒவ்வொரு முகமா வெரல் வெச்சு 11 பேரு பேரு சொன்னாங்க. நான் படத்து மேல டிரேசிங் தாள் வெச்சு உருவத்த மட்டும் வரைஞ்சு நம்பர் போட்டு எழுதிக்கிட்டேன், இடமிருந்து மூணாவதுன்னு எழுதுனா முன்வரிசையா பின்வரிசையான்னு பின்னாடி சண்டை வரும். யாரு சொன்னாங்க, என்னைக்கு சொன்னாங்க, அதையும். அடுத்த வாரம் அவங்க ஒண்ணுவிட்ட தங்கச்சி வந்து அதே படத்தப் பாத்துட்டு "ஏழாவது ஆளு மாமா இல்ல, மாமாவோட தம்பி, மாமாவுக்கு அந்த மாதிரி தொப்பியே கிடையாது"ன்னாங்க. நான் அக்காவுக்கு போன் போட்டேன், "அவளுக்கு அப்ப பால் மறக்காத வயசு, அவளுக்கு என்ன தெரியும்"னுட்டு வெச்சுட்டாங்க. ஏழாம் நம்பருக்கு நேரா ரெண்டு பேரையும் எழுதி, ரெண்டுக்கும் பக்கத்துல யாரு சொன்னதுன்னு போட்டு ஃபோல்டர மூடிட்டேன். மூணு முகம் இன்னும் பாக்கி, அந்த சர்ச்சுல 90 தாண்டின ஒருத்தர் இருக்காராம், செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ், புதன்கிழமை வரச் சொல்லிருக்காரு.